பயிலரங்குக்கு வருகிறார்கள், வகுப்பில் எதுவும் மாறவில்லை: விரிவுரையாளர்களுக்கு எப்படி உதவுவது?

கேள்வி: புக்கிட் பாத்தோக் வாசகன்

வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் பொறியியல் கற்பித்த நான், இவ்வாண்டுத் தொடக்கத்தில் அங்கேயே கற்பித்தல் மேம்பாட்டுப் பிரிவுக்கு மாறினேன். விரிவுரையாளர்கள் தொழில்நுட்பத்தை மாணவருக்குப் பயன்படும் வகையில் கையாள உதவுவதே என் வேலை. இதுவரை நான்கு பயிலரங்குகள் நடத்திவிட்டேன். கூட்டத்துக்குக் குறைவில்லை, எல்லாரும் கறிபஃப்புக்காக வந்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது, பலர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டு வாரம் கழித்து இணையக் கற்றல் தளத்தைத் திறந்தால், பழையபடி பிடிஎஃப் கோப்புகளும், 2020 ஏப்ரலில் எல்லாரும் வீட்டுக்குள் முடங்கியபோது அவசரமாகப் பதிவுசெய்த ஒன்றரை மணி நேரக் காணொளிகளும்தான் இருக்கின்றன.

நிலையியல் (அசையாமல் இருக்கும் பொருள்கள்மீது செயல்படும் விசைகளைப் பற்றிய பாடம்) கற்பிக்கும் மூத்த விரிவுரையாளர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம், “தம்பி, மாணவர்களுக்கு விளங்கவில்லை என்பது தேர்வுத்தாள் திருத்தும்போது எனக்குத் தெரிந்துவிடுகிறது. அது மூன்றாம் வாரத்திலேயே தெரிய வேண்டும். உன் கருவிகளில் எது அதைச் சொல்லும்?” என்று கேட்டார். நான் ஒரு வாக்கெடுப்புச் செயலியின் பெயரைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இப்பணியில் அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்

அவர் உங்களுக்கு வேலையைக் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். நீங்கள் செயலியின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டீர்கள்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1991இல் தம் வகுப்பில் ஒரு முறையைத் தொடங்கினார். விரிவுரையை இடையில் நிறுத்தி, கணக்குப் போடத் தேவையில்லாத, கருத்தை மட்டுமே சோதிக்கும் கேள்வி ஒன்றைச் சில விடைத் தெரிவுகளோடு கேட்பார். மாணவர்கள் யாரிடமும் பேசாமல் விடையைத் தெரிவிப்பார்கள். சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காடு என்றால், விடையை வெளியிடாமல், பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டுவிட்டு மீண்டும் வாக்களிக்கச் சொல்வார்கள். அதைவிடக் குறைந்தால் பாடத்தையே மறுபடி விளக்க வேண்டும். கூடினால் இரண்டு வரி விளக்கத்தோடு நகர்ந்துவிடலாம். இதற்குச் செயலி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் விடையின் எண்ணை விரல்களால் நெஞ்சருகே காட்டச் சொன்னாலும் போதும். உழைப்பெல்லாம் கேள்வியை ஆக்குவதில் இருக்கிறது.

உங்கள் நண்பரின் பாடத்திலிருந்தே சொல்கிறேன். மேசைமேல் ஒரு புத்தகம் அசையாமல் இருக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதன் எடைக்கு எதிர்விசை எது? மேசை புத்தகத்தை மேல்நோக்கித் தள்ளும் விசை என்று நன்றாகப் படிக்கும் மாணவனே சொல்வான். அளவு சமம், திசை எதிர், வேறென்ன வேண்டும் என்பது அவன் எண்ணம். ஆனால் அவ்விரு விசைகளும் ஒரே புத்தகத்தின்மீது செயல்படுகின்றன. வினையும் எதிர்வினையுமோ எப்போதும் இரு வேறு பொருள்களின்மீதே செயல்படும். பூமி புத்தகத்தை இழுப்பதற்கு எதிர்விசை, புத்தகம் பூமியை இழுப்பதுதான். இது பிடிபடாதவன் விசைப்படம் வரையும்போது, எந்த அம்புக்குறி எந்தப் பொருளுக்கு உரியது என்று தெரியாமல் தடுமாறுவான். நீங்கள் தேர்வுத்தாளில் பார்ப்பது அந்தத் தடுமாற்றத்தைத்தான்.

தவறான விடைகளை நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள். சென்ற ஆண்டுத் தாள்களில் இருபதை, பெயர்களை மறைத்துவிட்டு, அவரோடு உட்கார்ந்து புரட்டுங்கள். மாணவர்கள் உண்மையிலேயே எழுதிய பிழைகள்தாம் சிறந்த தெரிவுகள். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு நல்ல கேள்வி தேறினாலும் அது உங்கள் நான்கு பயிலரங்குகளைவிட மேல். கடுமையாகச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதில்: மாலை வகுப்புத் தமிழாசிரியை

பெரியவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கருவியே காலை வாரிவிடும்போது யார் துணைக்கு வருகிறார்கள் என்பதும் முக்கியம். நான் பெரியவர்களுக்குப் பகுதிநேரமாகத் தமிழ் கற்பிக்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாக்களை ஒருமுறை இணையத்தில் ஏற்றியபோது, “கொடி” என்று சரியாக எழுதிய மாணவிக்குத் தளம் சுழியம் போட்டது. என் விடையும் அவர் விடையும் திரையில் ஒன்றுபோலவே இருந்தன. உதவிப் பிரிவுக்கு எழுதினால், உலாவியை மூடித் திறக்கச் சொன்னார்கள்.

பிறகு கற்பித்தல் பிரிவிலிருந்து ஓர் இளைஞர் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு விடைகளையும் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தார். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் “கொ”வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு அந்தத் தளத்தில் இல்லை. இரு வடிவங்களையும் சரியான விடைகளாக அவர் சேர்த்துவிட்டார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. (“ஔ”வுக்கு “ஒ”வையும் “ள”வையும் தட்டுகிறவர்கள் கதை வேறு, அது மாணவர் பிழை.) அதன்பின் அந்தத் தம்பி எதைப் பரிந்துரைத்தாலும் நான் முயன்று பார்த்தேன்.

பதில்: தெம்பனிஸ் தென்றல்

காணொளிகளைப் பற்றி மட்டும் ஒரு சொல். எடெக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் 6.9 மில்லியன் முறை காணொளி பார்க்கப்பட்ட தரவை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. காணொளி எவ்வளவு நீண்டாலும், பார்ப்பவர்கள் அதில் தங்கும் இடைநிலை நேரம் (பாதிப் பேர் அதற்குள் விலகிவிடும் நேரம்) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்பது அதன் முடிவு. அவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள், நம் மாணவர்களுக்கோ தேர்வு காத்திருக்கிறது. ஆகவே கடிகாரத்தை வைத்துக்கொண்டு வெட்டாதீர்கள். கணக்குக்கு ஒன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தலைப்புக் கொடுங்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் மாணவன் தேடுவது அந்தத் தலைப்பைத்தான்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று அவருடைய அறையில் தாள்களைப் புரட்டினோம். ஐயா சொன்ன அதே அம்புக்குறிக் குழப்பம் ஏழு தாள்களில் இருந்தது. இன்று காலை விரிவுரைக் கூடத்தில் புத்தகக் கேள்வியைக் கேட்டோம். கம்பியில்லா இணையம் தகராறு செய்ததால் விரல்களைத்தான் காட்டச் சொன்னோம். பாதிக்கு மேற்பட்டவர்கள் மேசையைச் சொன்னார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னதும் கூடம் சந்தைக்கடையாகிவிட்டது. அவர் மேடையிலிருந்து இறங்கி, வரிசை வரிசையாக நின்று, அவர்கள் வாதிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் உராய்வு விசையாம். நல்ல கேள்வி கைவசம் இருந்தால் இங்கே எழுதுங்கள்.