மேனிபுலேஷன்: கைத்திரிப்பா, ஆட்டுவிப்பா?

அன்பு நண்பர்களுக்கு,

மேனிபுலேஷன் (manipulation) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'கைத்திரிப்பு' என்று வைக்கலாம் என்ற முன்மொழிவைப் பார்த்தேன். இலத்தீனில் மானுஸ் என்றால் கை, அதனால் தமிழிலும் கை இருக்கட்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

வேரைத் துரத்திப் போனால் எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். மேனுஃபாக்சர் என்பது கையால் செய்வது. இன்று ஆலையில் இயந்திரம் செய்வதற்குத்தான் அந்தச் சொல். மேனேஜ், குதிரையைப் பழக்கிக் கையாளும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. மெனூவர், மெனூர் இரண்டும் 'கையால் வேலை செய்தல்' என்ற ஒரே மூலத்தில் பிறந்தவை. ஒன்று படை நகர்த்தலுக்குப் போனது. மற்றது நிலத்தைப் பண்படுத்துவதில் தொடங்கி எருவில் போய் நின்றது. அதற்காக எருவுக்கும் கை வைத்துப் பெயர் சூட்டுவோமா?

எனக்கு மிகவும் பிடித்தது மேனிஃபெஸ்ட். கையோடு பிடிபட்டது என்பது அதன் பழைய பொருளாகச் சொல்லப்படுகிறது. திருடும்போதே பிடிபட்டால் அதை ஃபுர்ட்டும் மானிஃபெஸ்டும் என்றது ரோமானியச் சட்டம். நம் 'கையும் களவுமாக' அப்படியே இருக்கிறது! ஆனால் மேனிஃபெஸ்டைத் தமிழாக்கும்போது 'வெளிப்படையான' என்றுதான் எழுதுகிறோம்; கையையும் தேடுவதில்லை, களவையும் தேடுவதில்லை.

வேர் ஏமாற்றவும் செய்யும். பழைய சீன அதிகாரியைக் குறிக்கும் மேண்டரின் என்ற சொல்லில் மானுஸ் இல்லை, நம் மந்திரிதான் மலாய், போர்த்துக்கீசியம் வழியாகச் சுற்றிப் போயிருக்கிறார். இந்தப் பக்கம் கைது அரபியிலிருந்து வந்தது, கைங்கரியம் வடமொழி. இரண்டிலும் நம் கை கிடையாது.

சரி, மேனிபுலேஷனுக்கு வருவோம். இலத்தீனில் மானிபுலுஸ் என்றால் ஒரு கைப்பிடி அளவு. பிரெஞ்சு மருந்து செய்பவர்களுக்கு அது ஓர் அளவை. அங்கிருந்துதான் பொருள்களைப் பக்குவமாகக் கையாளுதல் என்ற பொருள் வளர்ந்தது. ஆளை வளைக்கும் பொருள் ஆங்கிலத்தில் சேர்ந்தது 19-ஆம் நூற்றாண்டில். ஆகவே இந்தச் சொல் பிறவியிலேயே கெட்டதில்லை. கைத்திரிப்பு என்றால் எல்லா இடத்திலும் குற்றவாடை வந்துவிடும். படங்களைத் திருத்தும் கிம்ப் (GIMP) மென்பொருளின் முழுப்பெயரில் இமேஜ் மேனிபுலேஷன் இருக்கிறது. படத்தின் ஓரத்தை வெட்டிச் சரிசெய்வதெல்லாம் திரிப்பா? தரவுத்தளத்தில் ஒருவருடைய பழைய முகவரியை நீக்கிப் புதியதைப் பதிகிறோம். அதுவும் டேட்டா மேனிபுலேஷன்தான். அதைத் தரவுத் திரிப்பு என்று எழுதிக் கொடுத்தால் தணிக்கைக்காரர் வந்து உட்கார்ந்துவிடுவார்.

இந்த இடங்களுக்குக் கையாளுகை போதும். ஒரே ஓர் எச்சரிக்கை: கையாடல் பக்கத்திலேயே நிற்கிறது. என் வரைவு ஒன்றில் 'தரவுக் கையாளுகை மொழி' என்பது 'தரவுக் கையாடல் மொழி' என்று தட்டச்சாகி, மெய்ப்புப் பார்த்தவர் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்.

இயந்திரவியலில் பொருளை எடுத்து, திருப்பி, வைக்கும் மேனிபுலேட்டருக்கு இயந்திரக் கை. இங்கே கை தானாகவே வருகிறது, வேர் பார்த்து வைக்க வேண்டியதில்லை. ஆவணத்தையோ கணக்கையோ பொய்யாக மாற்றினால் திரிப்பு. அங்கே கை தேவையில்லை.

சிக்கல் மனிதரை மேனிபுலேட் செய்வதில்தான். பேச்சில் நமக்குக் 'கைக்குள் போட்டுக்கொள்வது' இருக்கிறது. அருமையான தொடர், ஆனால் அதைக் கலைச்சொல்லாகச் சுருக்க முடியவில்லை. கைப்பாவை என்ற சொல்லும் இருக்கிறது. பாவைக்குள் கை இருக்கிறது, பார்ப்பவர் கண்ணுக்குப் பாவை தானே ஆடுகிறது. மேனிபுலேஷனில் நடப்பதும் இதுதானே! அதனால் ஆடுபவரை விட்டுவிட்டு ஆட்டுபவரைப் பிடித்து, 'ஆட்டுவிப்பு' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'குற்ற உணர்ச்சியைக் கிளறிக் கிளறியே அண்ணனை ஆட்டுவிக்கிறான்.' உறுத்தாமல் நிற்கிறது. எமோஷனல் மேனிபுலேஷன், உணர்ச்சிவழி ஆட்டுவிப்பு. பங்குவிலையைச் செயற்கையாக ஏற்றி இறக்கினால் சந்தை ஆட்டுவிப்பு.

ஆட்டுவிப்பில் அதிகாரத் தொனி தூக்கலாக இருக்கிறது, மறைவு குறைவு என்று யாராவது சொல்வீர்கள். உண்மைதான். 'மறையாட்டு' என்றும் யோசித்தேன். மறைக்கு வேதம் என்ற பொருளும் இருப்பதால் விட்டுவிட்டேன்.

மேனிபுலேட்டிவ் என்ற அடைமொழிக்குத்தான் இன்னும் கை நீளவில்லை. 'ஆட்டுவிக்கும் குணமுள்ள' என்று இழுக்க வேண்டியிருக்கிறது. இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.