மருந்தடித்த மறுநாள் வாய்க்காலில் மீன் மிதக்குது, மருந்தா வெயிலா?

படுவான்கரைப் பொடியன்:
மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் எங்கள் வயல் வட்டையில், நெல் தண்டில் சாறு குடிக்கிற அறக்கொட்டியான் பூச்சி விழுந்து, எல்லாரும் ஒரே கிழமைக்குள் மருந்தடித்தார்கள். நேற்றுக் காலை பார்த்தால் வடிச்சல் வாய்க்கால் முழுக்க மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்குது. பக்கத்து வயல்காரர் "வெயிலுக்குத் தண்ணி சூடாகிச் செத்திருக்கும்" என்கிறார். இந்தத் தண்ணீர் கடைசியில் வாவிக்குத்தானே போகும், அதுதான் கேட்கிறேன்.

வாவிக்கரை:
தம்பி, என்னென்ன செத்தது? வெயில் என்றாலும், யூரியா கழுவுண்டு போய்ப் பாசி பெருத்தாலும் நடப்பது ஒன்றுதான், தண்ணீரில் ஒட்சிசன் குறையும். பாசி பகலில் ஒட்சிசன் விடும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும், அதனால் விடியப்புறம்தான் மோசம். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், பெரியதுதான் பெரும்பாலும் முதலில் போகும். மருந்துக்கு நேரகாலம் இல்லை. மீன்குஞ்சு, நீர்ப்பூச்சி, கூனி என்கிற சின்ன இறால் எல்லாம் சேர்ந்து போகும். இறாலும் பூச்சியும் கணுக்காலிச் சாதி, சொந்தக்காரர். பூச்சியைக் கொல்வது இறாலை விடாது.

படுவான்கரைப் பொடியன்:
கூனி பால் வெள்ளையாய்க் கரை ஒதுங்கிக் கிடந்தது. முழங்கை நீளத்தில் ஒரு விராலும்.

வாவிக்கரை:
விராலா? அது மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன், சேற்றிலும் பிழைத்துக் கிடக்கும். அதுவும் செத்ததென்றால் ஒட்சிசன் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்துதான்.

போடியார் வீட்டுப் பேரன்:
சரி அண்ணன், அடிக்காமல் விட்டால் அறக்கொட்டியான் வட்டம் வட்டமாய்ப் பயிரை எரித்துவிடுமே. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை போட்டபோது விளைச்சல் விழுந்து நட்டப்பட்டதும் நாங்கள்தான். வாவி வாவி என்பவர்கள் ஒருநாள் வயலுக்குள் இறங்கிப் பார்க்கட்டும்.

வாவிக்கரை:
அடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. அறக்கொட்டியான் முட்டையைப் பயிரின் மடலுக்குள் செருகி வைக்கும், அது பெரும்பாலும் தப்பிவிடும். அறக்கொட்டியானைப் பிடித்துத் தின்கிற சிலந்தி வெளியில் திரிவதால் முதல் அடியிலேயே காலி. ஒரு கிழமை சென்று குஞ்சு பொரிக்கிற நேரம் தின்ன ஆளில்லை, நீங்கள் திரும்பவும் அடிக்கிறீர்கள். பூச்சி இருப்பது அடித்தண்டில், ஆனால் முக்கால்வாசிப் பேர் இலைக்கு மேலால் விசிறிவிட்டு வருகிறார்கள். அப்புறம், அடிக்கிற நாளில் வக்கடையை, அதுதான் வரம்பில் தண்ணீர் போகிற வாயை, கட்டி, போத்தலில் எழுதியிருக்கிற நாள்வரைக்கும் தண்ணீரை வெளியே விடக்கூடாது. தம்பி, உங்கள் வட்டையில் கட்டியிருந்ததா?

படுவான்கரைப் பொடியன்:
இல்லை அண்ணன், எல்லாம் திறந்துதான் கிடந்தது. அடித்து முடிய டாங்கியை அந்த வாய்க்காலில்தான் கழுவினார்கள். நானும்தான்.