சிமெண்ட் குளத்தில் ஹார்டி அல்லி: இலை மஞ்சளாகிறது, பூ வரவில்லை

சிங்காநல்லூர்_செடி

வணக்கம். வீட்டு முன்புறம் 8 அடி நீளம், 5 அடி அகலம், 2½ அடி ஆழத்தில் புதிதாக ஒரு சிமெண்ட் குளம் கட்டியிருக்கிறோம். மாசியில் மூன்று ஹார்டி அல்லிக் கிழங்குகள் நட்டேன்: கொலராடோ, வன்விசா, ஜோயி டோமோசிக். 10 அங்குலப் பூந்தொட்டியில் செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு. கிழங்கை நட்டு, மேலே இரண்டு அங்குலம் மண் மூடி, தொட்டிகளைக் குளத்தின் தரையிலேயே வைத்துவிட்டேன். போர் தண்ணீர். நடுவில் சின்ன பவுண்டன். காலை 8 மணியிலிருந்து மதியம் 1 மணி வரை வெயில், அதன்பின் மாமர நிழல்.

இப்போது வைகாசி. இலைகள் உள்ளங்கை அளவைத் தாண்டவில்லை. புது இலையே மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. மொட்டே இல்லை. தண்ணீர் முழுக்கப் பச்சை. வன்விசாவில் இலையைத் தொட்டால் காம்போடு கையில் வந்துவிடுகிறது, தொட்டியில் நாற்றமும் இருக்கிறது. ஹார்டி ரகம் குளிர்நாட்டுக்கானது, கோவை வெயிலுக்கு ஆகாது என்கிறார்கள். உண்மையா? தண்ணீரை மாற்றிவிட்டு டிஏபி உரம் போடலாமா?

குளத்தங்கரை

வெயில் காரணம் இல்லைங்க. ஹார்டி என்றால் பனிக்காலத்தில் மேலே தண்ணீர் உறைந்தாலும் அடியில் கிழங்கு பிழைத்துக்கொள்ளும் என்று அர்த்தம். வெயில் தாங்காது என்று அர்த்தமில்லை. நீங்கள் வாங்கியதில் வன்விசா தாய்லாந்து ரகம். ஹார்டி மஞ்சள் ரகங்கள் பலவற்றின் மூதாதை நிம்ஃபேயா மெக்சிகானா, பெயரிலேயே மெக்சிகோ இருக்கிறது. பிரான்சில் லத்தூர்-மர்லியாக் என்ற நர்சரிக்காரர் அந்த மஞ்சளையும் ஐரோப்பிய வெள்ளை அல்லியையும் வைத்துத்தான் வண்ண ரகங்களை உருவாக்கத் தொடங்கினார். ஓவியர் மோனே தன் குளத்துக்கு அல்லி வாங்கியது அவருடைய நர்சரியில்தான். நம்ம ஊரில் இவை உறங்கப் போவதே இல்லை, ஆண்டு முழுக்க வளரும். அதனால் சாப்பாடும் கூடுதலாகத் தேவை.

உங்கள் குளத்தில் தவறியது நட்ட விதம், ஆழம், மண். முதலில் மண்ணைச் சொல்கிறேன். நார்க்கழிவும் மண்புழு உரமும் தண்ணீருக்கு அடியில் ஆகாது. நார்க்கழிவு லேசானது, மிதக்கும். கிழங்கைப் பிடித்து வைக்காது. மண்புழு உரத்தின் சத்து சில வாரத்தில் தண்ணீரில் கரைந்து இறங்கி பாசிக்குத் தீனியாகிவிடும். உங்கள் பச்சைத் தண்ணீரில் பாதி அங்கிருந்து வந்தது. வேண்டியது கனமான மண். வயல் மண்ணோ, குளத்து வண்டலோ, செம்மண் மூன்று பங்குக்குக் களிமண் ஒரு பங்கோ போதும். பிசைந்து உருட்டினால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும்.

பாத்திரம் அகலமாக இருக்கட்டும், ஆழம் முக்கியமில்லை. ஹார்டி அல்லியின் கிழங்கு இஞ்சி மாதிரி படுத்தே நகரும், கீழே இறங்காது. 16 அங்குல அகலம், 8 அங்குல உயரமுள்ள ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பேசின் ஒரு செடிக்கு ஒன்று. விளிம்பிலிருந்து ஒரு அங்குலம் கீழே வரை மண்.

நடும்போது கிழங்கின் வெட்டிய முனையை பேசினின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள், குருத்து நடுவைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் கிழங்கு நகர ஓர் ஆண்டுக்கு இடம் இருக்கும். சுமார் 45 பாகை சாய்த்து வேரையும் கிழங்கையும் மண்ணுக்குள் அழுத்திவிட்டு, குருத்து மட்டும் மண்ணுக்கு மேல் தெரியும்படி விடுங்கள். நீங்கள் குருத்தின் மேல் இரண்டு அங்குலம் மண் போட்டிருக்கிறீர்கள், அழுகல் வரக் காரணம் அதுதான். மேலே ஒரு அங்குலம் கழுவிய ஆற்று மணலோ சிறு கூழாங்கல்லோ பரப்பலாம், ஆனால் குருத்தைச் சுற்றி விட்டுவிடுங்கள்.

ஆழம்: இப்போது உங்கள் குருத்துக்கு மேல் ஒன்றரை அடிக்கும் அதிகமான தண்ணீர், அதுவும் பச்சைத் தண்ணீர். இளங்கிழங்குக்கு வெளிச்சமே போய்ச் சேரவில்லை. குளத்தில் 28 அங்குலம் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 8 அங்குல ஹாலோ பிளாக் ஒன்று, அதன் மேல் செங்கல் இரண்டு வரிசை, அதன் மேல் பேசின். மண்ணுக்கு மேல் ஏழு அங்குலம் அளவில் தண்ணீர் நிற்கும். ஐந்தாறு இலை மேலே விரிந்ததும் செங்கல்லை எடுத்துவிடுங்கள், 13 அங்குலம் ஆகும். கொலராடோவுக்கும் ஜோயி டோமோசிக்குக்கும் அதுவே நிரந்தர ஆழமாக இருக்கலாம். நன்றாகத் தடித்த செடி 18 அங்குலமும் தாங்கும்.

வன்விசாவை இன்றே வெளியே எடுத்துக் கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நாற்றம் மண்ணுடையது, புது மண்ணில் நட்டால் போதும். கொழகொழவென்று கறுத்திருந்தால் குருத்து அழுகல். கத்தியால் வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டு. பிறகு இளஞ்சிவப்பு நிறம் வருமளவு பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, தனி வாளியில் புது மண்ணில் வையுங்கள். புது இலை சுத்தமாக வரும் வரை குளத்துக்குள் விட வேண்டாம். கறுப்பு குருத்து வரைக்கும் போயிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், எரு குழியிலும் வேண்டாம்.

மாடி_ஆம்பல்

குளத்தங்கரை அண்ணா சொன்னதோடு தண்ணீர் விஷயம் சேர்க்கிறேன். நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மஞ்சளாவது, அதுவும் புது இலையில் தெரிவது, இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் அல்ல. தண்ணீரின் பிஎச் (காரத்தன்மை அளவு) ஏறியதால் செடியால் எடுக்க முடியவில்லை. புது சிமெண்ட்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும், அதோடு போர் தண்ணீரும் கடின நீர்.

மீன் கடையில் சொட்டு மருந்து போலக் கிடைக்கும் பிஎச் கிட் வாங்கி, விடியற்காலையில் பாருங்கள். மதியம் பார்த்தால் பாசி கரியமில வாயுவை உறிஞ்சியிருப்பதால் அளவு ஏறியே காட்டும், ஏமாந்துபோவோம். காலையிலேயே 8.5-க்கு மேல் என்றால் குளம் இன்னும் பதப்படவில்லை. செடியை வாளிகளுக்கு மாற்றிவிட்டு, தண்ணீரை இறக்கி, சுவரை நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி வாழைத்தண்டைத் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். ஒரு வாரம் ஊறியதும் அதை இறைத்துவிட்டு மறுபடி ஒரு முறை. இரண்டு மூன்று முறைக்குள் பெரும்பாலும் சரியாகும். முடிந்தவரை கடைசியில் நிரப்புவது மழைத்தண்ணீராக இருக்கட்டும்.

இரும்புக்குச் சாதாரண ஈடிடிஏ இரும்பு வேண்டாம், பிஎச் ஏறிய தண்ணீரில் அது நிலைக்காது. ஈடிடிஎச்ஏ என்று போட்டிருக்கும் இரும்புச் செலேட்தான் காரத்தில் தாங்கும். அதைச் சிட்டிகை அளவு காகிதத்தில் மடித்து மண்ணுக்குள் செருகினால் போதும்.

குளம் பதப்பட்ட பிறகு தண்ணீர் பச்சையானால் மாற்றவே மாற்றாதீர்கள். புதுத் தண்ணீர் வரும் ஒவ்வொரு முறையும் பாசி முதலிலிருந்து தொடங்கும். 40 சதுர அடிப் பரப்பில் பாதிக்கு மேல் அல்லி இலை மூடியதும் தானே தெளியும். அதுவரை நீருக்குள் வளரும் செடிகளான வேலம்பாசி, ஹார்ன்வோர்ட் கொஞ்சம் போட்டு வைத்தால் சத்தை அவை இழுத்துக்கொள்ளும். வெங்காயத்தாமரையை மட்டும் கிட்டவே சேர்க்காதீர்கள். மயில்துத்தமும் வேண்டாம், மீன், நத்தை எல்லாம் போகும், செத்த பாசி அழுகி இன்னொரு தலைவலி.

பவுண்டனை நிறுத்துங்கள், அல்லது அல்லியிலிருந்து நாலைந்து அடி தள்ளி வையுங்கள். இலையின் மேல்பக்கத்தில்தான் அதன் சுவாசத் துளைகள் இருக்கின்றன. எந்நேரமும் தண்ணீர் தெளித்தால் இலை சீக்கிரம் அழுகும். 8 அடிக் குளத்தில் நடுவில் பவுண்டன் வைத்தால் அல்லிக்கு ஒதுங்க இடமே இல்லை.

சிங்காநல்லூர்_செடி

இருவருக்கும் மிக்க நன்றி. வன்விசா கிழங்கு ஓரத்தில் கறுப்பு, குருத்துப் பக்கம் கெட்டி. வெட்டி வாளியில் வைத்துவிட்டேன். உரம் எப்போது, எவ்வளவு என்று சொன்னால் நல்லது. பக்கத்து நர்சரியில் பேசினின் அடியில் மாட்டுச் சாணம் போடச் சொல்கிறார்கள்.

வண்டல்மண்

சாணம் வேண்டாம் சார். நம் வெயிலில் பேசின் மண் நன்றாகச் சூடாகும். காற்றில்லாத களிமண்ணுக்குள் சாணம் புளித்து வாயு கிளம்பும், குமிழி மண்ணைத் தூக்கும், வேர் கறுத்துவிடும். இப்போதுதான் அழுகல் பார்த்திருக்கிறீர்கள், மறுபடி அதை வரவழைக்க வேண்டாம்.

நடும்போது அடி மண்ணில் 50 கிராம் எலும்புத் தூள் மட்டும். பிறகு, புது இலை ஐந்தாறு வந்த பின்தான் டிஏபி. ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், செய்தித்தாளில் இறுக்கி மடித்துப் பொட்டலமாக்குங்கள். குருத்திலிருந்து நான்கு அங்குலம் தள்ளி விரலால் நான்கு அங்குல ஆழத்துக்குக் குழி போட்டுப் பொட்டலத்தை இறக்கி, மண்ணால் நன்றாக அடைத்துவிடுங்கள். 16 அங்குல பேசினுக்கு எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு பொட்டலம், நான்கு வாரத்துக்கு ஒரு முறை. டிஏபியில் சாம்பல் சத்து கிடையாது. அதனால் ஒரு மாதம் டிஏபி, அடுத்த மாதம் 17:17:17 கலப்பு உரம் அதே அளவு என்று மாற்றி மாற்றிப் போடலாம். குழியைச் சரியாக மூடாமல் விட்டாலோ, தண்ணீரில் தூவிவிட்டாலோ, மூன்றாம் நாளே பாசி சொல்லிவிடும்.

குளத்தங்கரை

வண்டல்மண் சொல்வது சின்னத் தொட்டிகளுக்கு முழுக்கச் சரி. ஆனால் 2,600 லிட்டர் அளவுள்ள குளத்தில், ஓராண்டு மக்கி மண்வாசனை வரும் சாண எருவை பேசின் அடியில் ஒரு அங்குலம் பரப்பி, மேலே ஐந்து அங்குலத்துக்குக் குறையாமல் களிமண் போட்டால் கெடுதல் இல்லை. மாதாமாதம் பொட்டலம் செருக நேரமில்லாதவர்களுக்கு அது நல்ல வழி. பச்சைச் சாணம், அரைகுறையாக மக்கியது, வேப்பம் புண்ணாக்கு இவை மூன்றும் எந்த அளவுக் குளத்திலும் கூடாது. சிங்காநல்லூர்_செடி, உங்களுக்கு இந்த முறை எலும்புத் தூளும் பொட்டலமுமே பாதுகாப்பு.

வெயில் ஐந்து மணி நேரம்தான் என்பதையும் கவனியுங்கள். நன்றாகப் பூக்க ஆறு மணி நேரம் வேண்டும். மாமரத்தின் கீழ்க்கிளை இரண்டைக் கழித்தாலே போதுமா பாருங்கள். முடியாவிட்டால் அடுத்த கிழங்கு வாங்கும்போது மஞ்சளில் குரோமடெல்லா, சிவப்பில் ஜேம்ஸ் பிரைடன் கேளுங்கள். நான்கு மணி நேர வெயிலிலும் பூப்பவை. ஆன்லைனில் ‘ஹார்டி நீல அல்லி விதை’ என்று வருவதை நம்ப வேண்டாம். பெயருள்ள ஹார்டி ரகம் எதுவும் விதையிலிருந்து தாய்ச்செடி போலவே வராது, கிழங்குதான் வாங்க வேண்டும்.

குன்னூர்_பனி

இடையில் ஒரு கேள்வி. இங்கே மார்கழி, தையில் உறைபனி விழும். கிழங்கை வெளியே எடுத்து வைக்க வேண்டுமா?

மாடி_ஆம்பல்

வேண்டாம். நீலகிரியில் விழும் பனி தண்ணீரின் மேல் மெல்லிய ஏடாக மட்டும் கட்டும். குருத்துக்கு மேல் ஒன்றரை அடித் தண்ணீர் இருந்தால் கிழங்கை ஒன்றும் செய்யாது. ஐப்பசி முதல் மாசி வரை உரம் நிறுத்துங்கள், வாடிய இலைகளை அடியோடு கிள்ளி எடுங்கள். ஹார்டிக்கு உண்மையில் உகந்த இடம் உங்கள் ஊர்தான். ட்ராபிகல் (வெப்பமண்டல) ரகங்கள்தான் அங்கே திணறும்.

வண்டல்மண்

பூச்சி பற்றி யாரும் சொல்லவில்லை. இலை ஓரத்தில் நீள்வட்டமாகக் கத்தரித்தது போல் வெட்டு இருந்து, அந்தத் துண்டு தண்ணீரில் மிதந்தால், உள்ளே புழு கூடு கட்டியிருக்கிறது. மிதக்கும் துண்டுகளை வலையால் அள்ளிவிடுங்கள், இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். அசுவினி மொய்த்தால் ஹோஸ் பைப்பால் பீய்ச்சித் தண்ணீரில் தள்ளினால் மீன் தின்னும். வேப்பெண்ணெய்க் கரைசல் மீன் உள்ள குளத்தில் வேண்டாம், எண்ணெய்ப் படலமும் சோப்பும் மீனுக்கு ஆகாது.

கொசுவுக்கு 15, 20 கப்பி மீன் போதும், தானே பெருகும். தீனி போடாதீர்கள். கோய் வேண்டாம், பேசின் மண்ணைக் கிளறிக் கிழங்கை மிதக்கவிடும். புல்கெண்டை இலையையே தின்றுவிடும்.

இரண்டு ஆண்டு கழித்து இலைகள் தண்ணீரில் படுக்க இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று எழும்பி நின்று, பூ சிறுத்தால், பேசின் நிறைந்துவிட்டது என்று பொருள். வெயில் ஏறும் முன், தை மாதத்தில் கிழங்கை எடுத்து, குருத்துள்ள முனையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் வெட்டி, வெட்டுவாயில் மஞ்சள் தூளோ கரித்தூளோ தடவி, புது மண்ணில் நடுங்கள். பழைய தடித்த வேர்களைக் கிழங்கோடு ஒட்ட வெட்டிவிடலாம், புது வேர் வரும். மீதிக் கிழங்கில் பக்கக் கண்கள் இருந்தால் அவற்றையும் தனித்தனியாக நடலாம்.

சிங்காநல்லூர்_செடி

விடியற்காலை பிஎச் பார்த்தேன், 9 காட்டுகிறது. குளத்தை இறைத்து வாழைத்தண்டு போட்டாகிவிட்டது. கொலராடோவும் டோமோசிக்கும் அதுவரை வாளியில் இருந்தால் தாங்குமா?

மாடி_ஆம்பல்

தாராளமாக. மண்ணைக் கழுவிவிட்டு, வேர் காயாமல் தண்ணீரில் மூழ்கியபடி நிழல் கலந்த வெயிலில் வையுங்கள். வாளித் தண்ணீர் மதியம் கை பொறுக்காத சூடாகிவிட்டால்தான் ஆபத்து. இரண்டு நாளுக்கு ஒரு முறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள், கொசு முட்டையும் தங்காது. பிஎச் காலையில் 8-க்குக் கீழே வந்ததும் பேசினில் நட்டு இறக்குங்கள். வன்விசாவுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள்.