சங்கத்தின் மாத மடலை யாரும் படிப்பதில்லை, என்ன செய்யலாம்?

மொட்டைமாடி கேட்கிறார்:

மேடவாக்கத்தில் 96 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. போன பொதுக்குழுவில் நான் பஜ்ஜி எடுக்க எழுந்த நேரம் பார்த்து, மாத மடல் தயாரிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். இதுவரை ஐந்து இதழ்கள் கொண்டுவந்துவிட்டேன். நான்கு பக்க பி.டி.எஃப்., வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். முதல் பக்கம் செயலாளர் உரை. பிறகு தீர்மானங்கள், வரவு செலவு, கடைசியில் ஒரு பொன்மொழி.

2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்ததல்லவா? அதைப் பற்றி இரண்டு பக்கம் மாய்ந்து மாய்ந்து எழுதினேன். ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது, அதுவும் செயலாளருடையது. அதே வாரம் சம்ப்பில் பூனை விழுந்துவிட்டது என்று யாரோ எழுத, இரவு ஒரு மணி வரை குழு தூங்கவில்லை.

சென்ற மாதம் ஒரு சோதனை செய்தேன். மூன்றாம் பக்கத்தின் நடுவில், "இந்த வரியைப் படிப்பவர்கள் ஞாயிறு மாலை என் வீட்டுக்கு வந்தால் ஃபில்டர் காபி உண்டு" என்று நுழைத்தேன். வந்தது எதிர்வீட்டு மாமா மட்டும். அவர் எல்லா ஞாயிறும் வருகிறவர்.

வண்ணப் படங்கள் போடலாமா, பரிசுப் போட்டி வைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய பொருளாளர்:

தம்பி, பரிசுப் போட்டியெல்லாம் வேண்டாம். நாங்கள் குறுக்கெழுத்து வைத்துப் பார்த்தோம். மூன்று மாதமும் ஒரே வீட்டுக்குத்தான் பரிசு போயிற்று.

பள்ளிக்கரணைப் பக்கம் 60 வீடுகள் கொண்ட குடியிருப்பில் ஏழு வருடம் பொருளாளராக இருந்தேன். என் கணக்கில், குடியிருப்பவருக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான்: தண்ணீர் வருமா, கட்டிய பணம் எங்கே போயிற்று. நீங்களும் வரவு செலவு போடுகிறீர்கள், ஆனால் "தண்ணீர்ச் செலவு" என்று ஒரு தொகையைப் போட்டால் அதில் படிக்க என்ன இருக்கிறது? ஒரு மே மாதம் நான் இப்படி எழுதினேன்: "இந்த மாதம் 38 லாரி, லாரிக்கு 12,000 லிட்டர். ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 245 லிட்டர் லாரித் தண்ணீர். போர்வெல் தண்ணீர் தனி." அன்று மாலையே நான்கு பேர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இருவர் சண்டைக்கு, ஒருவர் கூட்டல் சரிபார்க்க. நான்காமவர்தான் உருப்படியாகக் கேட்டார், "சார், ஃபிளஷ் தொட்டிகள் ஒழுகுகின்றனவா என்று யாராவது பார்த்தீர்களா?"

அடுத்த இதழின் முதல் பக்கம் முழுவதும் அதுதான். ஃபிளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து சொட்டு நீலம் ஐந்தாறு துளி விடுங்கள். கால் மணி நேரம் யாரும் தண்ணீர் திறக்கக் கூடாது. பிறகு கீழே பீங்கானைப் பாருங்கள், நீலம் இறங்கியிருந்தால் தொட்டி கசிகிறது, வாஷரை மாற்ற வேண்டும். 60 வீட்டில் 17 வீட்டில் நீலம் இறங்கியிருந்தது. ஜூன் மாதம் 29 லாரிதான் வந்தது. மே மாதம் விடுமுறை விருந்தாளிகளும் உண்டு என்பதால் அத்தனையும் நீலத்தின் புண்ணியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜூலை இதழ் எப்போது வரும் என்று ஆட்கள் கேட்டார்கள்.

சட்டத்தையும் அப்படித்தான் எழுத வேண்டும். இரண்டு பக்கம் எதற்கு? "நம் கட்டடம் பழசாகி இடித்துக் கட்ட வேண்டி வந்தால் எத்தனை வீட்டுக்காரர்கள் சம்மதிக்க வேண்டும்?" என்று கேட்டு, "மூன்றில் இரண்டு பங்கினர்" என்று கீழே பதில் போடுங்கள். பழைய கட்டடமாக இருந்தால் அந்த ஒரு வரிக்கே மொட்டைமாடியில் மாநாடு கூடும்.

பி.டி.எஃப். வேண்டாம். ஒரே தாள், லிஃப்டுக்குள் கண்ணுக்கு நேராக ஒட்டுங்கள். அங்கே முன்பின் தெரியாதவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டாவது மனிதர்கள் சுவரைப் படிப்பார்கள்.

வாடகைவீடு:

எங்கள் குடியிருப்பின் மடல் "அன்பார்ந்த உரிமையாளர்களே" என்று தொடங்கும். பராமரிப்புக் கட்டணத்தை மாதாமாதம் கட்டுவது நான், ஆனால் மடல் வருவது ஓசூரில் இருக்கும் வீட்டுக்காரருக்கு. அவர் குழுவில் இருக்கிறார், நான் இல்லை. உங்கள் 96 வீடுகளில் எத்தனை வீடு வாடகைக்கு விடப்பட்டவை என்று முதலில் எண்ணிப் பாருங்கள் சார்.

இன்னொன்று, மடல் எந்த மொழியில் வருகிறது? எங்கள் லிஃப்டில் ஒட்டுவது ஆங்கிலத் தாள். நான்கு வீட்டில் வேலை செய்யும் அக்கா ஒருவர், தண்ணீர் நிறுத்தும் நேரம் என்ன போட்டிருக்கிறது என்று என்னைப் படித்துச் சொல்லச் சொல்வார். அந்தத் தகவல் எங்களைவிட அவருக்குத்தான் அவசரம்.

பி பிளாக்:

கணக்கை விவரமாகப் போட்டால் சண்டைதான் வரும். பொன்மொழியே பாதுகாப்பு. நான் செயலாளராக இருந்தவன், பட்டுச் சொல்கிறேன்.

பழைய பொருளாளர்:

பி பிளாக் சார் சொல்வதில் பாதி உண்மை. நானும் பட்டிருக்கிறேன். ஒருமுறை கட்டண பாக்கி வைத்தவர்களின் வீட்டு எண்களை மடலில் போட்டேன். ஒரு வரி விடாமல் எல்லோரும் படித்த இதழ் அதுதான்! பட்டியலில் இருந்த ஓர் அம்மா அன்று காலையே பணத்தைக் கட்டியிருந்தார், எனக்கு ரசீதுப் புத்தகம் வந்து சேரவில்லை. மறுநாள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன், தண்ணீர் கொடுத்தார், பேசவில்லை. அதற்குப் பிறகு "எட்டு வீடுகள் பாக்கி, மொத்தம் இவ்வளவு" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சண்டை வந்தால் லாரிக் கணக்குக்கு வரட்டும்.

மொட்டைமாடி:

எல்லோருக்கும் நன்றி. வாடகைவீடு அம்மா சொன்ன பிறகு எண்ணிப் பார்த்தேன், 41 வீடுகள் வாடகைக்கு விடப்பட்டவை. அவர்களில் ஒருவர்கூட எங்கள் குழுவில் இல்லை. ஐந்து மாதமாக நான் யாருக்கு எழுதினேனோ!

இன்று காலை சொட்டு நீலம் வாங்கிவந்து முதல் சோதனையை எங்கள் வீட்டிலேயே செய்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பீங்கான் முழுவதும் வானம்போல் நீலம். அடுத்த இதழின் முதல் செய்தி அதுதான், தமிழிலும் ஆங்கிலத்திலும், என் வீட்டு எண்ணோடு. செயலாளர் உரை தாளின் பின்பக்கத்துக்குப் போகிறது. தாளை லிஃப்டில் ஒட்டினால் பின்பக்கம் தெரியாது என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.