டார்ச் பரிசோதனையில் ஹெர்பிஸ் ஐஜிஜி பாசிட்டிவ்: பிறக்கப்போகும் குழந்தைக்கு ஆபத்து உண்டா?

நொய்யல்கரை எழுதியது:

என் மனைவிக்கு இது 32ஆவது வாரம், முதல் பிரசவம். சென்ற வாரம் எடுத்த டார்ச் பரிசோதனையில் (கர்ப்பிணிகளிடம் சில தொற்றுகளைத் தேடும் இரத்தப் பரிசோதனை) ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் 1, 2 ஆகிய இரு வகைகளுக்கும் சேர்த்து ஐஜிஜி பாசிட்டிவ் என்றும், ஐஜிஎம் நெகட்டிவ் என்றும் வந்திருக்கிறது. அவருக்குப் பிறப்புறுப்பில் புண்ணோ கொப்புளமோ இதுவரை வந்ததே இல்லை. எனக்கோ பள்ளி நாள்களிலிருந்தே ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கீழுதட்டு ஓரத்தில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்து, ஒரு வாரத்தில் பொருக்குத் தட்டி ஆறிவிடும். வீட்டில் அதைச் சூட்டுக் கொப்புளம் என்று சொல்லி வெண்ணெய் தடவுவார்கள்.

இணையத்தில் தேடியபோது, ஹெர்பிஸ் பாலுறவால் பரவும் நோய் என்றும், பிறந்த குழந்தையின் மூளையைத் தாக்கும் என்றும் படித்துவிட்டு, இரண்டு இரவுகளாக அவர் உறங்கவில்லை. "என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்று அவர் கேட்டபோது எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. இந்த அறிக்கைக்கு உண்மையில் என்ன பொருள்? சிசேரியன்தான் செய்ய வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மகப்பேறு மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

முதலில் உங்கள் மனைவியிடம் சொல்ல வேண்டியது: இந்த அறிக்கையை வைத்து யாரும் யாரையும் சந்தேகிக்க இடமில்லை. ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் வாழ்நாளில் என்றோ ஒருமுறை இந்த வைரஸ் உடலுக்குள் வந்து, அதற்கு எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறது என்பது மட்டுமே பொருள். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, உதட்டிலா பிறப்புறுப்பிலா என்ற எதையும் அது சொல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு முதல் வகை வைரஸ் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அதைப் பெற்றது குழந்தைப் பருவத்தில், அத்தையோ பாட்டியோ கொஞ்சி முத்தமிட்டபோது. உங்கள் உதட்டுக் கொப்புளமும் அநேகமாக அதே முதல் வகைதான்.

வைரஸ் ஒருமுறை நுழைந்தால் உடலை விட்டுப் போவதில்லை. உதட்டில் வந்தது முகத்தின் உணர்வு நரம்பு வழியே ஏறி, மண்டையோட்டின் அடியிலுள்ள நரம்பு முடிச்சில் ஒடுங்கிக் கிடக்கும். பிறப்புறுப்பில் வந்தது இடுப்புக்குக் கீழுள்ள நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கும். காய்ச்சல், கடும் வெயில், உடல் அயர்ச்சி என்று ஏதாவது ஒரு காரணத்தால் அது விழித்து, வந்த நரம்பு வழியே திரும்பித் தோலுக்கு வரும். கொப்புளம் எதுவும் தெரியாத நாள்களிலும் சிறிதளவு வைரஸ் வெளிப்படுவதுண்டு. தனக்கு இருப்பதே தெரியாதவரிடமிருந்தும் தொற்று பரவுவது இதனால்தான்.

இனிக் குழந்தையைப் பற்றி. தாய்க்கு வைரஸ் இருக்கிறதா என்பதைவிட, அது எப்போது வந்தது என்பதே இங்கு முக்கியம். பழைய தொற்று உள்ள தாயின் எதிர்ப்பொருள்கள் கடைசி மூன்று மாதங்களில் நச்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவர் குழந்தைக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் பிரசவம் நெருங்கும் வேளையில் முதன்முறையாக பிறப்புறுப்பில் தொற்றுக்கு ஆளாகும் தாய்க்கு எதிர்ப்பொருள் உருவாகி, அது குழந்தைக்குப் போய்ச் சேர நேரம் இருப்பதில்லை; அப்போது அந்த வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு வரை உயர்கிறது. ஆகவே உங்கள் மனைவியின் அறிக்கை முற்றிலும் நெகட்டிவ் என்று வந்து, உங்களுக்கு உதட்டுக் கொப்புளம் இருந்திருந்தால்தான் நான் கூடுதலாகக் கவலைப்பட்டிருப்பேன். அந்த நிலையில் கடைசி மூன்று மாதங்களில் வாய்வழிப் பாலுறவை அறவே தவிர்க்கச் சொல்லியிருப்பேன்.

வெறும் ஐஜிஜி பாசிட்டிவ் என்பதற்காகச் சிசேரியன் தேவையில்லை. பிரசவ வலி தொடங்கும்போது பிறப்புறுப்பில் கொப்புளம் இருந்தாலோ, கொப்புளம் வருமுன் தோன்றும் எரிச்சலும் குத்தலும் இருந்தாலோ மட்டுமே அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும். ஐஜிஎம் பற்றி ஒரு வார்த்தை: அது பொதுவாகப் புதிய தொற்றின்போது முதலில் தோன்றும் எதிர்ப்பொருள், ஆனால் இந்த வைரஸைப் பொறுத்தவரை நம்பத் தகுந்ததல்ல. பழைய தொற்று மீண்டும் தலைதூக்கும்போதும் அது பாசிட்டிவ் ஆகலாம். புதிய தொற்று என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. அறிகுறியே இல்லாத கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனையை வழக்கமாக எழுதித் தருவது தேவையற்ற கலக்கத்தையே விளைவிக்கிறது என்பது என் கருத்து.

பச்சிளங்குழந்தைப் பிரிவு செவிலியர் எழுதியது:

மருத்துவர் ஐயா தாயின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் குழந்தையின் பக்கத்தைச் சொல்கிறேன். பச்சிளங்குழந்தைகளில் இந்தத் தொற்று அரிது. உலக அளவில் ஏறத்தாழ 10,000 பிறப்புகளில் ஒன்று என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை, சுமார் 85 விழுக்காடு, பிறப்புப் பாதையில் தொற்றியவை. இன்னொரு பத்து விழுக்காடு பிறந்த பிறகு யாரோ முத்தமிட்டதாலோ புண்ணைத் தொட்ட கையால் குழந்தையைத் தொட்டதாலோ வந்தவை. உங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது அந்தப் பத்து விழுக்காட்டைத்தான், தம்பி.

நோய் மூன்று விதமாக வெளிப்படும். தோல், கண், வாய் ஆகியவற்றோடு நிற்பது ஒன்று; உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் இந்தக் குழந்தைகள் நன்றாகத் தேறிவிடும். இரண்டாவது மூளையைத் தாக்குவது. இது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வலிப்பு, சோர்வு, பால் குடிக்க மறுப்பது என்று தொடங்கும். மூன்றாவது கல்லீரல், நுரையீரல் என்று உடல் முழுவதும் பரவுவது. மருந்தில்லாத காலத்தில் இந்த வகையில் நூற்றுக்கு 85 குழந்தைகள் வரை இறந்திருக்கின்றன, இப்போதும் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாக இழக்கிறோம். பின்னிரண்டு வகைகளிலும் கணிசமான குழந்தைகளுக்குத் தோலில் ஒரு கொப்புளம்கூட இருக்காது. கொப்புளம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது தவறு என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்வேன். முதல் நான்கு வாரங்களில் காய்ச்சல் வந்தாலோ, உடல் சில்லிட்டுப் போனாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ இரவானாலும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கொப்புளத்தைக் கண்டதும் அக்கி என்று முடிவு செய்து, காவிக் குழம்பால் அக்கி எழுதிவிட்டு வரும் பாட்டிமார்களை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர்களுக்கு வரும் அக்கி வேறு வைரஸ், சின்னம்மை வைரஸின் மறுவருகை. இதே குடும்பத்தைச் சேர்ந்ததே ஒழிய இது அல்ல. பெரியவர்களுக்கு எழுதினால் மனத்துக்கு ஆறுதலாக இருக்கலாம், ஆனால் பிறந்த குழந்தையின் கொப்புளத்தின் மேல் காவி பூசினால், நாங்கள் மாதிரி எடுக்க வேண்டிய இடமே மறைந்துவிடும். ஒரு நாளும் வீணாகும்.

சந்தேகம் வந்தால் கண், வாய், ஆசனவாய் ஆகிய இடங்களிலிருந்து பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து, இரத்தத்தோடு முதுகுத் தண்டுவட நீரையும், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்புவோம். முடிவு வரும்வரை காத்திராமல் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை இரத்தக்குழாய் வழியே தொடங்கிவிடுவார்கள்: எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம், மூன்று வேளையாகப் பிரித்து, தோலோடு நின்றால் 14 நாள், மூளையையோ உடல் முழுவதையுமோ தொட்டிருந்தால் 21 நாள். அதன்பின் ஆறு மாதம் வாய்வழியாக மருந்து தொடரும்.

இரண்டு குழந்தைகளின் தாய் எழுதியது:

எனக்கு இரண்டாம் வகை வைரஸ் இருப்பது திருமணத்திற்கு முன்பே தெரியும். இரண்டு முறையும் 36ஆவது வாரத்திலிருந்து தினமும் மூன்று வேளை 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் மாத்திரை கொடுத்தார்கள். வலி எடுத்த அன்று மருத்துவர் நல்ல வெளிச்சத்தில் பார்த்து, புண் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகு சுகப்பிரசவமே நடந்தது. தாய்ப்பாலும் கொடுத்தேன், மார்பில் கொப்புளம் இல்லாதவரை அதற்குத் தடையில்லை. உங்கள் மனைவியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி, நேற்றிரவு இருவரும் சேர்ந்து படித்தோம், அவர் உறங்கினார். இன்னும் இரண்டு கேள்விகள். அந்த 36ஆவது வார மாத்திரை என் மனைவிக்கும் தேவையா? என் உதட்டுக் கொப்புளத்தை மாத்திரையால் அடியோடு ஒழிக்க முடியுமா?

மகப்பேறு மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

அந்த மாத்திரை பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் வந்த வரலாறு உள்ளவர்களுக்கானது. உங்கள் மனைவிக்கு அப்படி ஒன்று இல்லாததால் தேவைப்படாது. ஆயினும் இந்த வரலாற்றை அவருடைய மருத்துவரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். இரண்டு வகைகளையும் பிரித்துக் காட்டும் பரிசோதனையும் உண்டு. ஆனால் உங்களுக்குப் பிறப்புறுப்பில் தொந்தரவு ஏதும் இருந்ததில்லை என்றால், அதன் முடிவு எதுவாயினும் செய்ய வேண்டியது பெரிதாக மாறிவிடாது.

அடியோடு ஒழிக்க இயலாது. அசைக்ளோவிர் வைரஸின் சொந்த நொதியொன்றால் தூண்டப்பட்ட பின்பே வேலை செய்யத் தொடங்குகிறது. அதனால்தான் தொற்றுள்ள உயிரணுக்களைத் தவிர மற்றவற்றை அது பெரிதாகத் தொடுவதில்லை. இந்த வழியில் மருந்துகளை வடிவமைத்ததில் முன்னோடியான கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸ் பெருகுவதில்லை; பெருகாததை இந்த மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே, குழந்தை பிறந்தபின் உங்கள் உதட்டில் குறுகுறுப்புத் தொடங்கிய அன்றே மருத்துவரைப் பார்த்து மாத்திரையைத் தொடங்குங்கள். பொருக்கு உதிரும்வரை முகக்கவசம் அணியுங்கள், குழந்தையைத் தூக்குமுன் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், முத்தம் மட்டும் கொடுக்காதீர்கள். பார்க்க வரும் உறவினர்களுக்கும் இதே விதிதான்; அதைச் சொல்வதற்குத் தயக்கமாக இருந்தால், டாக்டர் சொன்னார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.