வயிற்றுக் கோளாறுக்கு அக்குபங்சர்: உங்களுக்கு எந்தப் புள்ளியில் ஊசி போட்டார்கள்?

நாஞ்சிங் மாணவன்:
நாஞ்சிங்கில் எம்பிபிஎஸ் படித்த காலம். தேர்வு நெருங்கினாலே வயிறு உப்பிவிடும், விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கும், ஏப்பம் விட்டால்தான் சற்றுத் தணியும். சீன மருத்துவப் பிரிவில் இருந்த அம்மையார் நாக்கைப் பார்த்தார், இரண்டு கையிலும் நாடி பிடித்தார். சட்டையைத் தூக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். காலுறையைக் கழற்றச் சொன்னார். கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மேலேறினால் எலும்புகள் கூடும் பள்ளம் வருமே, அங்கே இருக்கும் தாய்ச்சோங் என்ற புள்ளியில்தான் முதல் ஊசி. பாதம் முழுக்கக் கனத்து உளைந்தது. என் முகம் சுளித்ததும், ஊசி பிடித்துவிட்டது என்று அவருக்கு அப்படியொரு திருப்தி! முழங்காலுக்குக் கீழே சூசான்லி, மேல்வயிற்றில் சோங்வான் எல்லாம் அதற்குப் பிறகுதான். மன அழுத்தத்தில் தேங்கிய கல்லீரல், சீன மருத்துவத்தில் செரிமானத்துக்குப் பொறுப்பான மண்ணீரலை மிதிக்கிறது என்பது அவர் கணக்கு. வேறு யாருக்காவது தாய்ச்சோங்கில், அதாவது கல்லீரல் தடத்தின் மூன்றாம் புள்ளியான கல்லீரல் 3-இல் தொடங்கினார்களா?

பினாங்குவாசி:
தம்பி, அதெல்லாம் சுற்றுவழி. வயிறு என்றால் இரைப்பை 36, அதாவது சூசான்லி. அதை விட்டு வேறெங்கே போவது? மிங் காலத்து மனப்பாடச் செய்யுளே வயிற்றை அந்த ஒரு புள்ளியிடம்தான் ஒப்படைக்கிறது. ஜார்ஜ் டவுனில் எனக்குப் பார்த்த பெரியவர் முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் அளந்தார். தன் விரலால் அல்ல. என் கையை எடுத்து என் காலிலேயே வைத்து அளந்தார். முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளி நகத்தால் அழுத்தினார், பிறைபோல் தடம் விழுந்தது. அதன் நடுவில் ஊசி. திருகியதும் புறங்கால்வரை விறுவிறுவென ஓடியது. அடுத்த கணம் என் வயிறு உருண்டு சத்தம் போட்டது. திரைக்கு அப்பால் காத்திருந்த பாட்டி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பசி வந்தது என்னவோ உண்மை.

சிங்கப்பூர் மருமகள்:
ஒரே புள்ளி என்று அடித்துச் சொல்லாதீர்கள் அண்ணா. 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீக்கிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. பிறகு வாயு கட்டி வலித்தபோது முழங்காலுக்குக் கீழே மட்டுமா ஊசி போட்டார்கள்? வலது முழங்கையிலும் போட்டார்கள், வயிற்றருகே மூலிகையைக் கொளுத்திச் சூடும் காட்டினார்கள்.

என் மாமியாருக்கு விடிவதற்கு முன்பே வயிறு கழியும். சிறுநீரகத்தின் யாங், அதாவது உடலுக்குச் சூடு தரும் ஆற்றல், குறைந்துவிட்டது என்றார் மருத்துவர். தொப்புளில் உப்பை நிரப்பி, மேலே இஞ்சித் துண்டு, அதன்மேல் மோக்சா உருண்டை. மாசிபத்திரி இனத்து இலைதான், புகை அறையெல்லாம் சூழ்ந்தது. "என்னை உயிரோடு கொளுத்துகிறாயா?" என்று மாமியார் என்னைத்தான் கேட்டார், மருத்துவரை அல்ல.

புதிதாகப் போகிறவர்களுக்கு: தொப்புளில் ஊசி கூடாது, சூடு மட்டும்தான். கர்ப்பிணி என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் ஹேகு, கணுக்காலுக்கு மேல் மண்ணீரல் 6 என இரண்டு புள்ளிகளையும் தவிர்ப்பார்கள். ஊசி உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு போய் மயங்கி விழாதீர்கள். மலச்சிக்கலுக்கும் பேதிக்கும் தொப்புளிலிருந்து பக்கவாட்டில் இரண்டு சுன் (ஒரு சுன் என்பது அவரவர் கட்டைவிரல் அகலம்) தள்ளி இருக்கும் அதே தியான்ஷூவில்தான் போடுவார்கள், குழம்ப வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சொல்லுங்கள்.

ஐயப்படுபவன்:
கல்லீரல் மிதிக்கிறது, மண்ணீரல் அழுகிறது... என் மைத்துனருக்கும் இதையேதான் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஒரு நிலையம், பெயர் வேண்டாம். சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே வலி, முதுகுவரை பாயும். வாரக்கணக்கில் ஊசி. கடைசியில் ஒரு நள்ளிரவில் கண் மஞ்சளித்து அவசரப் பிரிவுக்குப் போனால் பித்தப்பைக் கல், குழாயில் வந்து அடைத்திருக்கிறது. நாக்கைப் பார்த்தவர் கண்ணைப் பார்த்திருக்கலாம்.

எல்லாம் பொய் என்று சொல்லவில்லை. மணிக்கட்டுக்கு மேலே உள்ள நெய்குவான் குமட்டலுக்குச் சோதித்துப் பார்க்கப்பட்ட புள்ளி. அறுவைக்குப் பின்னும் கீமோதெரபிக்குப் பின்னும் வரும் குமட்டலில் அக்குபங்சருக்குப் பலன் உண்டு என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்கள் 1997-இல் கூட்டிய நிபுணர் குழுவே ஒப்புக்கொண்டது. ஆனால் மலம் கறுத்துப் போனாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ முதலில் எண்டோஸ்கோபி. தம்பி, உங்களுக்கு ஸ்கேன் எடுத்தார்களா, இல்லை நாடியோடு சரியா?

நாஞ்சிங் மாணவன்:
எடுத்தார்கள். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில். அறிக்கை சுத்தமாக வந்த பிறகே ஊசி.

பினாங்குவாசி:
பித்தப்பைக்கு எங்கள் பெரியவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வலதுகால் வெளிப்புறத்தில், முழங்காலுக்குக் கீழே இருக்கும் யாங்லிங்சுவான் புள்ளிக்குச் சற்றுக் கீழே கட்டைவிரலால் அழுத்துவார். நோயாளி "ஐயோ" என்று காலை இழுத்துக்கொண்டால் ஊசிப் பெட்டியை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். உங்கள் மைத்துனருக்கு அந்த இடத்தை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையா?