மனிதனுக்கு 46, சிம்பன்சிக்கு 48: ஒரு ஜோடி எங்கே போயிற்று?

விலங்கியல் ஆசிரியை:
பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் நடத்துகிறேன். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 48 குரோமோசோம்கள், நமக்கு 46. மூதாதை ஒன்றென்றால் ஒரு ஜோடி எங்கே என்று ஒரு மாணவி கேட்டாள். இரண்டு ஒட்டிக்கொண்டன என்றேன். "அதை யார் பார்த்தார்கள், டீச்சர்?" என்றாள். அவளுக்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டும்.

ஆய்வகவாசி:
அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்; இப்படித்தான் கேட்க வேண்டும். குரோமோசோம்களுக்குச் சாயமேற்றி அவற்றின் வரிகளைப் படிப்பது என் தொழில். சிம்பன்சியின் இரண்டு குரோமோசோம்களை நுனியோடு நுனி வைத்தால் நம்முடைய 2ஆம் குரோமோசோமின் வரிகள் கிடைக்கின்றன. 1982இல் யூனிஸ், பிரகாஷ் என்ற ஆய்வாளர்கள் நான்கு இனங்களையும் அருகருகே வைத்து இதைக் காட்டினார்கள்.

வரிகள் ஒத்துப்போவது தற்செயல் என்று ஒருவர் வாதிடலாம். ஒட்டியது உண்மையானால் தழும்பு இருக்க வேண்டுமல்லவா? குரோமோசோமின் நுனியில் 'டிடிஏஜிஜிஜி' என்ற டிஎன்ஏ ஆறெழுத்து திரும்பத் திரும்ப வரும், அதுதான் டெலோமியர். 1991இல் யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று அதை 2ஆம் குரோமோசோமின் உட்பகுதியில் கண்டது. ஒரு புள்ளி வரை டிடிஏஜிஜிஜி, அதைத் தாண்டினால் எதிர்த்திசையில் சிசிசிடிஏஏ. எழுத்துகள் பல சிதைந்திருந்தாலும் இரு நுனிகள் சேர்ந்த இடம் தெளிவாகத் தெரிகிறது. சற்றுத் தள்ளி, செயலிழந்த இன்னொரு சென்ட்ரோமியரின் (செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம்; ஒன்றுக்கு ஒன்றுதான் இருக்கும்) எச்சமும் இருக்கிறது. இதை மாணவர்களே பார்க்கட்டும். எழுத்து வரிசையை அச்சிட்டுக் கையில் கொடுங்கள்.

இளங்கோ:
ஒட்டிய குரோமோசோமோடு பிறந்த முதல் ஆளுக்கு 47தானே இருந்திருக்கும்? அவருக்குக் குழந்தை எப்படிப் பிறந்தது?

ஆய்வகவாசி:
இன்றும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி, மொத்தம் 45 இருக்கின்றன. 13உம் 14உம் ஒட்டுவதே அதிகம். நலமாக வாழ்கிறார்கள், குழந்தை பெறுகிறார்கள். சிலருக்குக் கரு அடிக்கடி கலையும். பரிசோதனைக்கு வரும்போதுதான் விஷயமே தெரியும்.

விலங்கியல் ஆசிரியை:
மிக்க நன்றி, ஐயா. கொரில்லாவின் மரபணுக்கள் சில சிம்பன்சியைவிட நமக்கு நெருக்கம் என்கிறார்களே, அது உண்மையா?

ஆய்வகவாசி:
உண்மைதான். கொரில்லாவின் மரபணுத்தொகுதி 2012இல் வெளியானபோது, சுமார் 30 சதவீதப் பகுதிகளில், மனிதனும் சிம்பன்சியும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பதைவிட, கொரில்லா மனிதனுக்கோ சிம்பன்சிக்கோ கூடுதல் நெருக்கமாக இருந்தது. மூதாதைக் கூட்டத்தில் ஒரே மரபணுவுக்குப் பல வடிவங்கள் இருந்தன; கிளைகள் அடுத்தடுத்துப் பிரிந்ததால் எந்த வடிவம் யாரிடம் தங்கியது என்பது இடத்துக்கு இடம் மாறியது. மீதி 70 சதவீதத்தில் நமக்கு நெருங்கிய உறவு சிம்பன்சிதான். ஒரே ஒரு மரபணுவை வைத்து உறவுமுறை வரைய வேண்டாம் என்று வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள்.